சத்தம் குறைந்த விமானம்

வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் சிலருக்குப் பக்தி வரும், சிலருக்குச் சீனி வருத்தம் வரும். எனக்கு விமானம் வந்தது. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டு, வெள்ளவத்தை வீட்டுப் பல்கனியில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவன், அதன் பிறகு செய்த உருப்படியான வேலை மேலே பார்த்ததுதான். எங்கள் பல்கனிக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதையும் ஒரு மாடிக் கட்டடமும் இருக்கின்றன. கட்டடத்தின் ஓரமாகக் கடல் ஒரு நாடா அகலத்துக்குத் தெரியும். பின்னேரங்களில் அந்த நாடாவுக்கு மேலே ஒரு பருந்து இறக்கையை அசைக்காமல் காற்றில் சாய்ந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் வலது பெருவிரல் தானாக அசையும். அது கொஞ்சம் இடப்பக்கம் சரிந்தால் நானும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுவேன். பருந்து நான் சொன்னதைக் கேட்டுத்தான் திரும்புகிறது என்று நம்பிக்கொண்டு ஒரு பின்னேரம் முழுவதையும் கழித்துவிட எனக்கு முடியும்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் கத்தோலிக்கக் கோயில் மணி அடித்தால் வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிரும் தூரம். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் தெருக் கூட்டாளி ஒருவனும் நானும் பல்சா மரத்தைப் பிளேட்டால் சீவி, ஒட்டி, மேலே மெல்லிய கடதாசியை இழுத்து ஒரு விமானம் செய்தோம். ரேடியோவால் ஓட்டுகிற விமானம். என்ஜின், கப்பலில் வேலை பார்த்த அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அது போடும் கூச்சலைக் கேட்டால் ஒரு லொறி மேட்டில் ஏறுகிறது என்று நினைக்க வேண்டும். மட்டக்குளியைத் தாண்டிக் காக்கைதீவுக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பறக்கவிடுவோம். ஆமணக்கெண்ணெய் கலந்த எரிபொருள் வாசம் பூசைக்குப் போட்ட சட்டையில் ஏறிவிடும். சாம்பிராணி வாசத்தோடு போய் ஆமணக்கெண்ணெய் வாசத்தோடு வருகிற பிள்ளையை அம்மா வாசலிலேயே நிறுத்திக் குளிக்க அனுப்புவார்.

பிறகு நாட்டு நிலைமை கெட்டது. ஒரு தமிழ்ப் பெடியன் நீட்டு அன்டெனா வைத்த பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்து நிற்பது யாருக்கும் விளையாட்டாகத் தெரியாத காலம் வந்தது. வீடு வீடாகச் சோதனை நடந்த ஒரு கிழமையில் அம்மா அந்தப் பெட்டியை அரிசி வாளிக்குள் வைத்தார். பிறகு எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார். கடைசியில், "எனக்கு நெஞ்சடைக்குது. இத எங்கயாச்சும் கொண்டு போ" என்றார். நீர்கொழும்பில் இருந்த ஒரு சிங்கள நண்பனிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தேன். திருப்பிக் கேட்கலாம் என்கிற மாதிரி ஒரு நாள் வருவதற்குள் எனக்குச் சம்பளமும் வந்துவிட்டது, கல்யாணமும் வந்துவிட்டது.

மனைவி யாழ்ப்பாணத்து இளவாலைக்காரி. இடம்பெயர்ந்து வன்னியில் சில வருடங்கள் இருந்து, வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்த குடும்பம். கோயில் மூலமாகத்தான் சம்பந்தம் பேசினார்கள். என் தமிழ் பஸ் ஸ்டாண்ட் தமிழ் என்று அவள் முதல் மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்சாதியை 'நீ' என்பார்கள். அவள் ஊரில் 'நீர்' என்பது மரியாதை. அந்த 'நீர்' என் வாயில் சரளமாக வருவதற்கு இரண்டு பேரும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கணக்கு ரீச்சராக இருந்தவள், இப்போது வீட்டில் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுக்கிறாள். மகள் மெல்பேர்னில் இருக்கிறாள். ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அல்ஜிப்ரா, ஒரு பருந்து.

விமானம் வாங்கப் போகிறேன் என்றதும் அவள் சிரித்தாள். அதில் பிழை சொல்ல எனக்கு முடியாது. ஆனால் எனக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. என் கண்ணில் படலம் எடுத்த பிறகு கிட்ட இருப்பது நன்றாகத் தெரிகிறது, தூரத்தில் இருப்பது கொஞ்சம் கரைந்துபோகிறது. தூரத்தில் ஒரு சின்ன விமானம் வருகிறதா போகிறதா என்று தெரியாவிட்டால் ஆட்டம் முடிந்தது. வலப்பக்கம் என்று நினைத்து இடப்பக்கம் திருப்பி நிலத்தில் குத்திவிடும். பக்கத்தில் ஒருவர் நின்று, "இப்ப உங்கட பக்கம் வருது, இப்ப திரும்புது" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கண் கடன் வாங்குகிற மாதிரிதான். அந்தக் கண் அவளுடையதாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இத்தனை காலமும் நான் வேலைக்கும் அவள் பள்ளிக்கூடத்துக்கும் ஓடி, சாப்பாட்டு மேசையில்தான் சந்தித்துக்கொண்டோம். ஒரு வெளியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருப்பது என்பது எனக்குப் பெரிய ஆசையாகவே வந்துவிட்டது. அவள் வராவிட்டால் எனக்கு விமானமே வேண்டாம்.

"எனக்கு உந்த விளையாட்டு விளங்காது. வந்து சும்மா நிக்கிறன்" என்றாள். அதுவே போதும் என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் கனவில் மிதந்த நாட்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நான் விட்டுப்போன காலத்தில் இந்த உலகமே மாறியிருந்தது. பல்சா போய் ஃபோம் வந்துவிட்டது; உடைந்தால் பசை பூசி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பறக்கலாம். எரிபொருள் போய் பற்றரி. அன்டெனா விரல் நீளத்துக்குச் சுருங்கிவிட்டது. விமானம் தடுமாறினால் தானே நிமிர்ந்துகொள்ளும் கருவிகூட உள்ளே இருக்கிறதாம். எங்கள் காலத்தில் அந்த வேலையைப் பிரார்த்தனைதான் செய்தது. பல்கனியில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்கக் கதிரையோடு நானும் கொஞ்சம் மேலே எழும்பிவிடுவேன். ஒரு நாள் இறக்கை மேலே வைத்த மஞ்சள் விமானம் ஒன்றில் ஏறி ரயில் பாதையைக் கடந்து, தெஹிவளை வரை போய், வாழைத்தோட்டங்கள்போலத் தெரிந்த ஏதோ ஒரு பச்சைக்கு மேலே திரும்பிக்கொண்டிருந்தபோது, சோறு ஆறுகிறது என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

காலி வீதியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், தையல்கடைக்குப் பக்கத்தில், இந்தச் சாமான்கள் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. முதலாளி முப்பது வயதுக்கார முஸ்லிம் இளைஞர். எனக்கு இறக்கை மேலே வைத்த, மெதுவாகப் பறக்கிற, ஆரம்பக்காரர் விமானம் ஒன்று வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெள்ளிநிறத்தில் ஒரு போர் விமானத்தை எடுத்து மேசையில் வைத்தார். வாலில் நட்சத்திரம், மூக்கில் சுறாவின் பல்.

"அங்கிள், நீங்க பழைய ஆள். ஒங்களுக்கு இதுதான் சரி. ஆரம்பக்காரர் சாமான் எடுத்தா ஒரு மாசத்துல அலுத்துப் பெய்த்துடும்."

"எனக்கு அலுப்புத்தான் தம்பி வேணும்" என்றேன்.

அவர் மனம் தளரவில்லை. ஜெட் ஒன்றைக் காட்டினார். அதன் வயிற்றுக்குள் ஒரு விசிறி இருந்து கூக்குரல் இடுமாம். இரண்டு என்ஜின் வைத்த ஒன்றைக் காட்டினார். கடைசியில் வாயைக் கோணிக்கொண்டு, நான் கேட்ட மஞ்சள் விமானத்தை மேல்தட்டிலிருந்து இறக்கினார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: சத்தம் எப்படி?

"சத்தமே ஈக்காது அங்கிள். வீட்டு ஃபேன் மாதிரித்தான்."

எனக்கு வேண்டியது அதுதான். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் குண்டுவீச்சு விமானச் சத்தத்தோடு என்ன பாடு பட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? காக்கைதீவில் நாங்கள் ஓட்டிய மாதிரி ஒரு கூச்சல் என்ஜினை அவள் காதுக்குப் பக்கத்தில் முடுக்கிவிட எனக்கு மனம் வராது. இந்தக் காலத்து மின்சார மோட்டர் அமைதியானது, அவளுக்கு ஒரு தொந்தரவும் இராது என்று நான் மிகவும் யோசித்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை அவள் குசினியில் இருந்தாள். நான் ஹோலில் விமானத்தைப் பொருத்தி முடித்து, வாலைச் சாப்பாட்டுக் கதிரையோடு கட்டி, பற்றரியைச் செருகி, மோட்டரை மெதுவாக ஓடவிட்டேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கூச்சல் இல்லை. ஒரு மெல்லிய, ஒரே மாதிரியான ரீங்காரம். கொஞ்சம் கூட்டினேன், கொஞ்சம் குறைத்தேன். கண்ணை மூடினால் அது ஏற்கெனவே எங்கோ உயரத்தில் நின்றது. அப்படியே எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

கண்ணைத் திறந்தபோது அவள் பல்கனிக் கதவடியில் நின்றாள். கை நிறைய ஈர உடுப்பு. காலையில்தான் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். என் சாரம், தலையணை உறைகள், அவளுடைய வெள்ளைச் சட்டை எல்லாவற்றையும் வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் சொட்டி ஓட்டுத் தரை நனைந்துகொண்டிருந்தது.

"மழையா?" என்று கேட்டேன்.

அவள் வெளியே பார்த்தாள். நல்ல வெயில். "இல்லை" என்றாள். கையிலிருந்த உடுப்பைப் பார்த்துவிட்டு, "ஏன் எடுத்தனான் எண்டு தெரியேல்லை" என்றாள்.

குசினிக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்பு நிறுத்தியிருந்தது. பருப்பு பாதியில் நின்றது. ஏதோ ஞாபக மறதி என்று நான் பயந்துவிட்டேன். எங்கள் வயதில் முதலில் வருகிற பயம் அதுதானே. ஒன்றும் கேட்காமல் உடுப்புகளைத் திரும்பக் கொடியில் போட்டுக் கொடுத்தேன். பின்னேரம் அவள் பாடம் சொல்லிக்கொடுத்து முடித்து, சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தபோது, பற்றரி முழுதாக இறங்கிவிட்டதா பார்ப்போம் என்று மோட்டரை மறுபடி ஓடவிட்டேன். அவள் எழும்பினாள். தூக்கத்தில் நடக்கிறவள்போல நேரே பல்கனிக்குப் போனாள். கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையைத்தான் முதலில் இழுத்தாள்.

நான் மோட்டரை நிறுத்தினேன். சட்டை கையில் இருக்க அவள் அங்கேயே நின்றாள். இந்தத் தடவை அவளுக்கும் விளங்கிவிட்டது.

"உது வண்டு" என்றாள்.

வன்னியில் இருந்தபோது வேவு பார்க்க வருகிற ஆளில்லா விமானத்தைச் சனங்கள் வண்டு என்றுதான் சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் தெரியும், எங்கோ பேப்பரில் வாசித்திருக்கிறேன். ஆனால் அது எப்படிச் சத்தம் போடும் என்று கொழும்பில் இருந்த எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவள் கதிரையில் உட்கார்ந்து சொன்னாள்.

"பெரிய சத்தம் வந்தா பங்கருக்குள்ள ஓடலாம். வண்டுக்கு எங்க ஓடுறது? அது நாள் முழுக்க மேல நிக்கும். உடுப்புக் காயப்போட ஏலாது, வெள்ளை தெரியும். அடுப்பு மூட்ட ஏலாது, புகை தெரியும். சமைக்கிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் அம்மா அரிசியைக் களைஞ்சு வச்சுக்கொண்டு இருப்பா. நான் போய்க் கொடியில இருக்கிறதை எடுப்பன். வீட்டில அது என்ர வேலை."

"நீர் அதைப் பாத்திருக்கிறீரா?"

"ஆர் மேல பாத்தது? மேல பாத்தா முகம் தெரியும் எண்டு ஐயா ஏசுவார். குனிஞ்சுகொண்டுதான் திரிவம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்கனியில் நானும் அவளும் தேநீர் குடிக்கும் நாட்களில் அவள் வீட்டைப் பார்த்துத்தான் உட்காருவாள். கடல் நாடாவுக்கு மேலே நிற்கும் பருந்தை நான் எத்தனை தரம் காட்டியிருப்பேன்! "ஓம், ஓம்" என்பாள். அவள் அதை ஒரு தடவையாவது பார்த்தாளா என்று நான் கவனிக்கவே இல்லை. எனக்குத் துக்கமாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த மஞ்சள் விமானத்தின் மேல்தான் கடைசியில் காட்டினேன். வாலைக் கட்டிய கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் வெட்டி, பெட்டிக்குள் திணித்தேன்.

"விடும். எனக்கு இது வேண்டாம்" என்றேன்.

"ஏன்? ஆசைப்பட்டு எடுத்தது. நீங்கள் போய்ப் பறக்கவிடுங்கோ, நான் வரேல்லை."

"நீர் வராட்டி நானும் போகல்ல."

இப்படி இரண்டு நாள் ஓடியது. வீட்டுக்குள் ஒரு பெட்டி, அதைச் சுற்றி இரண்டு பேர் நடக்கிறோம். மூன்றாம் நாள் அவளே பேச்சை எடுத்தாள். ரியூஷனில் ஒரு கணக்கை மூன்று விதமாகச் செய்து பார்க்கச் சொல்லும் அதே குரலில், "சத்தம் பெரிசா இருக்கிற விமானம் இல்லையோ? லொறி மாதிரி?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எதை வேண்டாம் என்று ஒதுக்கினேனோ அதை அவள் கேட்கிறாள். ஆனால் அந்த என்ஜினுக்கு எரிபொருள் தேடவும், எண்ணெய்ச் சட்டையோடு மல்லுக்கட்டவும் எனக்கு இனித் தெம்பில்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப மோட்டரே இல்லாதது?"

அதற்கு எனக்குப் பதில் இருந்தது. மோட்டர் கிளைடர். நீண்ட இறக்கை, மெலிந்த உடம்பு. மோட்டர் கொஞ்ச நேரம் ஓடி அதை மேலே ஏற்றிவிடும். பிறகு நிறுத்திவிடலாம். மூக்கில் இருக்கும் விசிறியின் இரண்டு அலகும் உடம்போடு ஒட்டி மடங்கிவிடும். அதற்குப் பிறகு அது பருந்துதான், காற்று வைத்திருக்கும்வரை நிற்கும். நான் கனவில் பறந்த எல்லா விமானங்களும் உண்மையில் இப்படித்தான் பறந்தன, ஒன்றிலும் மோட்டர் சத்தம் கேட்டதில்லை. அதை ஏன் முதலிலேயே தேர்ந்தெடுக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம். மஞ்சள் விமானத்தைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் முதலில் முகத்தைச் சுருக்கினார். அவள் ரீச்சர் குரலில், "தம்பி, பறக்கவே இல்லை, பெட்டி பிரிச்சது மட்டும்தான்" என்று சொன்னதும் விரிந்துவிட்டது. கிளைடரை எடுத்து வைத்து, அவர் வழக்கம்போலத் தன் கவலையையும் சொன்னார்.

"அங்கிள், இது மெதுவாப் போற சாமான். காத்து அடிச்சா தூரமாக் கொண்டு பெய்த்துடும். பார்த்துக்கங்க."

அவள் எதையும் காதில் வாங்கவில்லை. மூக்கில் இருந்த அலகுகளை ஒரு விரலால் விரித்தாள், விட்டாள், மடங்கின. மறுபடி விரித்தாள். எவ்வளவு நேரம் மோட்டர் ஓட வேண்டும், எவ்வளவு உயரம் போகும், நிறுத்தினால் உடனே மடங்குமா என்று கேட்டாள். அடிப்பக்கம் முழுக்கச் செம்மஞ்சள் நிறம் பூசியிருந்ததைத் தெரிந்தெடுத்தவளும் அவள்தான். அடிவயிறு எப்போதும் தெரிய வேண்டும் என்றாள். லிஃப்டில் அந்த நீண்ட பெட்டியோடு ஏறும்போது மேல்மாடிக்காரர், கோயில் பாட்டுக்குக் கீபோர்ட் வாங்கினீர்களா என்று கேட்டார். "ஓம்" என்றாள் மனைவி, கண் வெட்டாமல்.

வீட்டில் உடன்படிக்கை போட்டோம். மோட்டர் ஓடும்போது அவள் காருக்குள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ரேடியோவைப் போட்டுக்கொண்டு இருப்பாள். மோட்டரை நிறுத்தியதும் நான் கையைத் தூக்குவேன். அப்போது இறங்கி வருவாள். அவள் வெளியே நிற்கும்போது எக்காரணம் கொண்டும் மோட்டர் ஓடாது. அவள் நிற்கும்வரை காற்று இருந்தால் பறக்கும், இல்லாவிட்டால் இறங்கும். நான் மாதா மேல் சத்தியம் பண்ணினேன். "மாதாவை இதுக்குள்ள இழுக்காதேங்கோ" என்றாள்.

கேட்க வேண்டிய அனுமதிகளைக் கேட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் பண்டாரகமப் பக்கம் அறுவடை முடிந்த வயல் ஒன்றில் பறக்கவிட இடம் பிடித்தோம். போன அன்று வெயில் இன்னும் ஏறவில்லை. வைக்கோல் அடிக்கட்டைகளுக்கு நடுவே கொக்குகள் அலுவலகத்துக்குப் போகிற ஆட்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தன. வயல் முடிகிற இடத்தில் ரப்பர்த் தோட்டம், அதற்குப் பின்னால் மெல்லிய வெள்ளை. மூடுபனியா மேகமா என்று பிரிக்க முடியாத வெள்ளை. அவள் காருக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றினாள். நான் மோட்டரை முடுக்கி, கிளைடரைக் கையால் வீசினேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் கை அதை அறிந்திருந்தது. அது என்னை விட்டுப் போன விதத்தில், நானும் கூடப் போய்விட்டேன் என்றே நினைத்தேன். மேலே, மேலே, அந்த வெள்ளையின் ஓரம்வரை. பிறகு மோட்டரை நிறுத்தினேன்.

உலகம் முழுவதும் ஒரு கதவைச் சாத்தியது போல அமைதியானது. கொக்கு நடக்கிற சத்தம்கூடக் கேட்கும் என்று தோன்றியது. கையைத் தூக்கினேன். கார்க் கதவு திறந்தது.

அவள் வந்து என் இடப்பக்கம் நின்றாள். முதலில் என் விரல்களைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. மேலே பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை. கிளைடர் பெரிய வட்டமாக மிதந்துகொண்டிருந்தது. நான் அதற்குள்ளிருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன்: ஒரு வயல், இரண்டு தலை, ஒன்று நிமிர்ந்து, ஒன்று குனிந்து. அப்படி எவ்வளவு நேரம் மிதந்தேன் என்று தெரியவில்லை. கன்னத்தில் காற்றுப் பட்டதும்தான் விழித்தேன். காற்று எழும்பியிருந்தது. வட்டம் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பர்த் தோட்டப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. வெள்ளைக்குள் அது ஒரு கீறலாகி, கீறலும் கரைந்துபோனது.

"எனக்குத் தெரியல்ல" என்றேன். "வருதா போகுதா எண்டு தெரியல்ல."

அவள் தலையை நிமிர்த்தினாள். நான் அதைப் பார்க்கவில்லை, என் கண் வெள்ளைக்குள் துழாவிக்கொண்டிருந்தது. குரலைத்தான் கேட்டேன்.

"அந்தா. உயர்ந்த மரத்துக்கு மேல. போகுது, அங்கால போகுது. இடப்பக்கம் திருப்புங்கோ. இன்னும். ஓம், இப்ப மூக்கு எங்கட பக்கம்."

நேற்றுவரை மேலே பார்க்காதவள், நான் காணாததை ஒரு கணத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் மூக்கு எங்கள் பக்கம் இருந்தும் அது வரவில்லை. எதிர்காற்றில் அந்தரத்தில் நின்று, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டர் போட்டால் வந்துவிடும். போடாவிட்டால் ரப்பர்த் தோட்டத்துக்குள் விழும், அதற்குள் யார் போய்த் தேடுவது? என் இடது பெருவிரல் கையிலிருந்த ரேடியோப் பெட்டியின் மோட்டர்த் தண்டின் மேல்தான் இருந்தது. விரலை எடுத்துக் கீழே விட்டேன்.

"போனாப் போகட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் என் சட்டையின் முழங்கைப் பக்கத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"போடுங்கோ" என்றாள்.

"நீர் காருக்குள்ள போம், போன பிறகு போடுறன்."

"நான் போனா உங்களுக்கு ஆர் வழி சொல்லுறது? போடுங்கோ. நான் நிக்கிறன்."

போட்டேன். தூரத்திலிருந்து அந்த ரீங்காரம் வந்தது. முதலில் மெல்லியதாக, பிறகு காதுக்குள் வந்து குந்திக்கொண்டது. என் சட்டை கிழியப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள்: இப்ப நேர, கொஞ்சம் வலப்பக்கம், பதியுது தூக்குங்கோ, இப்ப நேர. எனக்குக் கண்ணில் நீர் வந்து, தெரிந்த கொஞ்சமும் தெரியாமல் போனது. அவள் வாயால்தான் நான் ஓட்டினேன்.

"எங்க நிக்குது?" என்றேன்.

"வயலுக்கு மேல. எங்களிட்டத்தான் வருது." நிமிர்ந்துதான் நின்றாள். "திருப்பாதேங்கோ. தலைக்கு மேலயே கொண்டு வாங்கோ."

கொண்டு வந்தேன்.